மாதா வாசலில் நின்ற படம்

உலகத்துக்குச் சமத்துவத்தைக் கற்றுக்கொடுத்தவன் பிரெஞ்சுக்காரன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதெல்லாம் சுத்தப் புளுகு. தாராபுரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் மாதா கோவில் கமிட்டிதான் கற்றுக்கொடுத்தது. அதன் காரியதரிசி என்கிற முறையில் அடியேன் சொல்கிறேன், நம்புங்கள்.

கோவிலுக்குள் நட்டநடுவே ஓர் இரும்புக் கிராதி. வலப்பக்கம் பண்ணையக்காரர்கள்; இடப்பக்கம் அவர்கள் காட்டில் பாடுபடுகிறவர்கள். கிராதிக்கு இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு வர்ணம்தான் பூசியிருக்கிறோம். இதைவிடச் சமத்துவம் வேறென்ன வேண்டும்?

1934-ல் இத்தாலியிலிருந்து ஒரு படம் வந்தது. நானூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியத்தைப் பார்த்து எழுதிய பிரதி. கர்ப்பிணியான மாதா, தன்னைப் போலவே கர்ப்பமாயிருக்கும் உறவுக்காரி எலிசபெத்தம்மாளைத் தேடிப் போகிறாள். எலிசபெத்தம்மாளின் வீட்டு வாசலில் இருவரும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். படத்தை வலப்பக்கச் சுவரில் மாட்டினோம். வெளிச்சம் அங்கேதான் 'நன்றாக' இருந்தது.

மறு ஞாயிறு, களையெடுக்கும் பாவாத்தாள் கிராதியோரம் வந்து பங்குச் சாமியாரைக் கூப்பிட்டாள். எட்டு மாசக் கர்ப்பிணி. முன்னே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள்.

"ஏனுங்க சாமி, இங்கிருந்து பாத்தா படத்தத் தூண் மறைக்குதுங்க. ஒருக்கா கிட்டப் போயி, மாதா காலடியில மெழுகுவத்தி வெச்சுப்போட்டு வந்தர்றனுங்க. இந்தப் புள்ளையாச்சும் தங்கோணுமுங்க."

அவசரக் கூட்டம் கூடிற்று. சாமியார் இளகிய மனசுக்காரர். "படத்தையே பாருங்களேன், ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுட்டு நிக்கறாங்க" என்றார்.

தலைவர் ஞானாதிக்கம் பெரிய பண்ணையக்காரர். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் படத்தை ஆராய்ந்தார்.

"ரெண்டு பேரும் எங்க நிக்கறாங்க, சாமி?"

"வாசல்லீங்க."

"ஊட்டுக்குள்ள இல்லீங்களே. கதவு தொறந்துதான் கெடக்குது. அந்தம்மா மாதாவோட தோளப் புடிச்சிருக்கறது கட்டிக்கறதுக்கில்லீங்க. உள்ள வராதீங்கன்னு தடுக்கறாங்க. எத்தன மரியாதையா, சிரிச்ச மொகமாத் தடுக்கறாங்க பாருங்க. நம்மூருப் பழக்கம் அந்தக் காலத்துலயே இருந்திருக்குதுங்க."

கமிட்டி மெய்சிலிர்த்தது. இத்தாலிக்காரனுக்கு நானூறு வருஷமாகப் புரியாதது எங்களுக்குக் கால் மணியில் புரிந்துவிட்டது. பாவாத்தாளின் மனு 'மிகுந்த அன்புடன்' தள்ளுபடி.

காத்திருந்தவளிடம் முடிவை நானே படித்துக் காட்டி, தலைவரின் விளக்கத்தையும் எடுத்துச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப, மாதாவையே அந்தம்மா உள்ள உடலீங்களா?"

"இல்ல அம்மணி, உள்ள உடல."

"அதானுங்க, பாவம், மாட்டுக் கொட்டாயில போயிப் பெத்தாங்களாட்ட இருக்குது."

மெழுகுவத்தியைத் தன் பக்கத்துத் தரையிலேயே ஏற்றி வைத்துவிட்டு மெல்ல நடந்து போனாள். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.

நான் மட்டும் கடமை தவறவில்லை. 'மனுதாரர் முடிவை ஏற்று, பூரண திருப்தியுடன் திரும்பினார்' என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாதாவையே வாசலில் நிறுத்தியவனுக்கு ஒரு பொய் எழுதுவதா பெரிய காரியம்?