பூட்டை இழுத்துப் பார்த்தது யார்?

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள், நாடகத்துறை முதலாம் ஆண்டு மாணவி, தலை குனிந்து எழுதிக்கொள்வது. இங்கு நான் உடம்பளவில் நலம். அங்கு நீங்களும் மாமாவும் தையல் கடையும் கடையிலுள்ள அக்காக்களும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படிக்கக் கண்ணாடியைத் தேடுவீர்கள். அது உங்கள் நெற்றியில்தான் இருக்கும், இறக்கிக்கொள்ளவும்.

போனில் சொல்லாமல் இதற்கு எதற்கு ஒரு கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் போனை மாமாதான் எடுப்பார். எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுவார். நான் "அத்தை" என்று வாய் திறப்பதற்குள், அளவு கொடுக்க வந்தவர்கள் வரைக்கும் "நல்லாப் படிக்கிறியாம்மா" என்று விசாரிப்பார்கள். நான் சொல்லப்போவது அத்தனை காதுகள் தாங்கக்கூடிய விஷயம் இல்லை. ஒரு ஜோடிக் காதே அதிகம்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் எனக்காக நீங்கள் பரிந்து பேசியது எனக்கு மறக்காது. நாடகம் படித்துவிட்டு இவள் என்ன செய்வாள், கணக்கு படித்தால் தான் பொறுப்பில் இருக்கும் கிடங்கிலேயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள்தான் "அவ உன் தலை குனியற மாதிரி எதுவும் செய்யமாட்டாண்ணே, நான் பொறுப்பு" என்றீர்கள். அப்பா, "ஒரு மாசம் பாப்பேன். சரிப்படலைன்னா பெட்டியோட கூட்டிட்டு வந்துருவேன்" என்றார். அந்த மாதம் இன்னும் முடியவில்லை அத்தை. அதற்குள் தலையைக் குனிய வைத்துவிட்டேன். அதுவும் என் தலையை இல்லை, அவர் தலையை.

முதல் நாளிலிருந்தே எனக்கு நேரம் சரியில்லை. நீங்கள் தைத்துக் கொடுத்த அந்த வெள்ளை உடையை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அங்கே எல்லோரும் தூங்கி எழுந்த கோலத்தில் வந்திருந்தார்கள். உடற்பயிற்சி சார் வந்ததும் வராததுமாக "தரையில் புரளுங்கள்" என்றார். புரண்டேன். அந்த அறையின் தரையை அதற்குமுன் யாரும் பெருக்கவில்லை என்பது எல்லோருக்கும் என் முதுகைப் பார்த்துத்தான் தெரிந்தது. மறுநாள் மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடிப் படுத்து உடம்பைத் தளர விடச் சொன்னார்கள், விட்டேன், விட்டது மட்டும்தான் ஞாபகம். கண் விழித்தால் வகுப்பே என்னைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறது, சார் என்னைக் காட்டி, பாருங்கள், உண்மையான தளர்வு என்றால் இதுதான், குறட்டையின் ஏற்ற இறக்கத்தைக் கூடக் கவனியுங்கள் என்கிறார். அடுத்து கண்ணாடிப் பயிற்சி. எதிரே நிற்பவர் என்ன செய்தாலும் கண்ணாடியில் தெரிவது போல நாமும் செய்ய வேண்டும். என் எதிரே நின்ற பையன் தும்மினான், நானும் தும்மினேன். மூக்கைப் பிடித்தான், நானும் பிடித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டக் கையை வீசிக்கொண்டு வெளியே ஓடினான், நானும் வீசிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று அவன் "எனக்குத் தூசு ஒத்துக்காதுங்க, விட்டுடுங்க" என்று கும்பிட்டான். பழக்கதோஷத்தில் நானும் கும்பிட்டேன்.

விடுதியிலாவது மானத்தோடு இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. குரலை அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும் என்று குரல் பயிற்சி மேடம் சொல்லியிருந்தார். காலையில் குளியலறையில் எடுத்தேன். பாதி எடுக்கும்போதே வார்டன் அம்மா மாற்றுச் சாவி போட்டுக் கதவைத் திறந்து, வெந்நீர்ப் பையும் வயிற்றுவலி மாத்திரையுமாக நிற்கிறார். வலி இல்லை, இது படிப்பு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டேன். மேடை அமைக்கும் வகுப்பில் மரச்சுவருக்கு ஆணி அடிக்கிறேன் பேர்வழி என்று என் துப்பட்டாவையும் சேர்த்து அடித்துவிட்டேன். எல்லோரும் சாப்பிடப் போனபிறகும் நான் மட்டும் சுவரோடு நின்றேன். தச்சர் வந்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டே, "நடிக்க வந்தியாம்மா, செட்டாவே நிக்க வந்தியா?" என்று கேட்டார். எனக்கே சந்தேகமாக இருந்தது.

இதெல்லாம் என் மானம் மட்டும் போன கதை. அது போனால் போகட்டும். இனிமேல்தான் விஷயம்.

யாராவது ஒருவரைக் கூர்ந்து கவனித்து, அவராகவே மேடையில் கொஞ்ச நேரம் வாழ்ந்து காட்ட வேண்டும் என்று நடிப்பு மேடம் சொன்னார். மற்றவர்கள் சந்தைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போனார்கள். நான் கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் கடைமுன் நின்று இமைக்காமல் பார்த்தேன். அவர் பார்த்துப் பார்த்து, கடைசியில் கதவைப் பாதி இறக்கிவிட்டு, "போறியா, ஆளைக் கூப்பிடவா?" என்றார். வந்துவிட்டேன். விடிந்தால் நிகழ்ச்சி, கையில் ஆள் இல்லை. கண்ணை மூடி யோசித்தால் ஒரே ஒருவர்தான் நடையும் குரலுமாகக் கண்முன் வருகிறார். அப்பா.

நான் மேடையில் வீட்டைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். வாசற்படி இறங்கி, திரும்பி வந்து, மறுபடி இழுத்தேன். கேட் வரைக்கும் போய், அம்மாவை அனுப்பி இழுக்கச் சொல்லி, அம்மா இழுத்ததில் நம்பிக்கை இல்லாமல் நானே போய் இழுத்தேன். அப்புறம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "இந்த வீட்டுல வெச்ச பொருள் வெச்ச எடத்துல இருக்காது" என்று எல்லோரையும் திட்டிக்கொண்டு தேடினேன். வழியில் ஒருவரை நிறுத்தி, "எனக்கென்ன வந்துச்சு" என்று ஆரம்பித்து நீளமாக அறிவுரை சொன்னேன். கடைசியில் பஸ் ஏறப்போகும்போது சட்டைப்பையைத் தடவுகிறேன், சாவி இல்லை. சாவி பூட்டிலேயே தொங்குகிறது.

அத்தை, அரங்கம் அதிர்ந்தது. இங்கே வந்து நான் கேட்ட முதல் கைதட்டல். உச்சி குளிர்ந்துபோய் இன்னொரு தரம் பூட்டை இழுத்தேன், இன்னும் சிரித்தார்கள். மேடை விளக்கு முகத்தில் அடிக்கும்போது எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, எல்லாம் இருட்டுத்தான். முடிந்ததும் மூத்த மாணவி ஒருத்தி அரங்க விளக்கைப் போட்டாள். கடைசி வரிசை. மடியில் ஒரு துணிப்பை. நெற்றியில் கண்ணாடி. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விடுதித் தலையணை செங்கல் மாதிரி இருக்கிறது என்று போனில் புலம்பியிருந்தேன். அதற்காக என் பழைய தலையணையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடுவதற்குள் போய்விட்டார். வாசல் காவலாளி பையை என்னிடம் கொடுத்தார். "ஒண்ணும் பேசலம்மா, கண்ணத் தொடச்சிக்கிட்டே போனாரு. ஆனா போறப்ப நம்ம கேட்டுப் பூட்டை ஒரு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் போனாரு" என்றார்.

அங்கேயே நின்று அழுதேன். பெற்ற அப்பாவை நாலு பேர் சிரிக்க விற்றுக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தத் தலையணையில் தலை வைக்க மனசு வரவில்லை. மேசைமேல் வைத்திருக்கிறேன். கூட இருக்கும் பெண் அதில் முதுகைச் சாய்க்கப் பார்த்தாள், விடவில்லை. நான் செங்கல்லிலேயே படுக்கிறேன். எனக்கு அதுதான் சரி. வகுப்பில் இப்போது என் பெயர் "பூட்டு".

அதற்குப்பிறகு அப்பா என்னிடம் பேசவே இல்லை. வீட்டுக்குப் போன் செய்தால் அம்மாதான் எடுக்கிறாள். போன வாரம் நீங்கள் அங்கே வந்து தங்கியிருந்தீர்களாமே. உங்களைக் கண்டதும் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டார், சாப்பிடக்கூட உங்களோடு உட்காரவில்லை, என்னவென்று தெரியவில்லை என்று அம்மா சொன்னாள். எனக்குத் தெரியும். பொறுப்பு என்று சொன்ன தங்கையிடம் இதை எந்த வாயால் சொல்வார்? உங்கள் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசுகிறது. எல்லாம் என்னால்.

அத்தை, நீங்கள்தான் அப்பாவிடம் பேச வேண்டும். பெட்டியைத் தூக்க அவர் வரட்டும், நான் மறுபேச்சுப் பேசாமல் கணக்குப் படிக்கிறேன். ஆனால் நான் கேலி செய்யவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். நிற்கத் தெரிந்த நாளிலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தது அவரைத்தான். அவர் திரும்பி வந்து பூட்டை இழுக்கும்போதெல்லாம் அவர் பத்திரப்படுத்துவது எங்களைத்தானே என்று தோன்றும். அதைத்தான் செய்தேன், அது சிரிப்பாக வந்துவிட்டது. எனக்கு நடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாமாவுக்கு வணக்கம் சொல்லவும், விஷயத்தைச் சொல்ல வேண்டாம். கடை அக்காக்களுக்கு என் அன்பு. வெள்ளை உடை துவைத்தும் பழுப்பாகவே இருக்கிறது, அதற்கும் சேர்த்து மன்னிக்கவும். உங்கள் கால் வலிக்குக் கொஞ்சம் உட்கார்ந்து வேலை செய்யுங்கள்.

தங்கள் ஆசியை எதிர்பார்க்கும் தகுதி இல்லாத, ஆனாலும் எதிர்பார்க்கும்,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடப்போன நேரத்தில் அப்பா போன் செய்தார். எடுத்ததும் அந்தப் பக்கம் வெறும் மூச்சு. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். "உங்க அத்தைய அப்படியே உரிச்சு வெச்சுட்டியேடி" என்கிறார். சிரித்துச் சிரித்துத்தான் அன்றைக்குக் கண்ணில் தண்ணீராம். நான் பூட்டை இழுக்க இழுக்க, கிடங்கைச் சரியாகப் பூட்டினோமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம், அதனால்தான் பஸ்ஸுக்கு ஓடினாராம். வீட்டில் உங்கள் முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வந்து மாடிக்கு ஓடிவிட்டாராம். "எத்தன தடவ சொல்லியிருக்கேன் அவகிட்ட, ஒருதடவ இழுத்தா போதாதான்னு. கேக்கமாட்டா. அவளுக்குத் தெரிய வேணாம், மனசு கஷ்டப்படுவா. எனக்கென்ன வந்துச்சு" என்றவர், "இரு, என் கண்ணாடிய எவனோ எடுத்துட்டான்" என்று போனை வைத்துவிட்டுப் போய் வந்து, "மாசக் கணக்கெல்லாம் விடு, முழுசாப் படிச்சு முடி" என்றார். நான் சரிப்பா என்றேன்.

இதைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். எனக்காகப் பொறுப்பேற்றவரிடமே மறைத்தால் அது இதைவிடப் பெரிய வெட்கம் என்று தோன்றியது. அத்தை, சத்தியமாக நான் செய்தது அப்பாவைத்தான். ஆனால் மேலே முதல் பத்தியில் உங்கள் கண்ணாடியைப் பற்றி நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று இப்போதுதான் படித்துப் பார்த்தேன். மாத முடிவில் வீட்டுக்காரர்கள் எல்லோர் முன்னாலும் அதையே மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறார் மேடம். அப்பா உங்களையும் அழைத்து வருகிறாராம், அது யாரென்று நீங்களாகவே கண்டுபிடிக்கிறீர்களா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். அது தான்தான் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என் பெட்டியைத் தூக்கிவிடுவார், என் படிப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. தயவுசெய்து அது நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டு சிரித்துவிடுங்கள். கிளம்புகிற அன்றைக்கு மட்டும் இரண்டு பேரில் ஒருவர் பூட்டை இழுத்தால் போதும், இல்லையென்றால் பஸ்ஸை விட்டுவிடுவீர்கள்.