சார் வந்தால் குழியும் கோடு

"மார்ச் 14. காலையில் லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். தவறு என்னுடையதுதான்."

குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள் 'மறுபடி'. எதற்கெடுத்தாலும் "மறுபடி பாத்துடறேனே" என்பதால் ஆய்வகத்தில் அவளுக்கு அதுவே பெயர். பகலில் உதவியாளர் வேலை, மாலையில் வகுப்பு.

மேசையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஓடியது. காற்றில் துளி அம்மோனியா கலந்தாலும் திரையில் கோடு குழியும். மின்னோட்டம் கூடி லேசரின் அதிர்வெண் தடுமாறினாலும் அதே கூத்துதான். நாளை விருந்தினர்கள் வருகிறார்கள். கோடு நேராக நின்றால் அவர்கள் முன்னால் கருவியை இயக்கப்போவது அவள். ஆடினால் பழையபடி கிடங்கில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டலாம்.

பேராசிரியர் கம்பளிக் குல்லாவோடு வந்தார்.

"சளிம்மா" என்றார். கூடவே ஏதோ மருந்து வாடையும் வந்தது. திரையைப் பார்க்க மேசைமேல் குனிந்தார். கோடு பள்ளத்தில் விழுந்தது.

"என்னம்மா இது?"

"மின்னோட்டம் ஜாஸ்தி சார். குறைச்சிடறேன்."

குறைத்தாள். அவர் வெளியே போனதும் கோடு சமர்த்தாக நின்றது. திரும்பி வந்து குனிந்தார். பள்ளம் இன்னும் ஆழமானது.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு பேட்டரி மாட்டினாள். மின் இரைச்சலால் கோட்டில் இருந்த சிறு நடுக்கம் அடங்கியது. சார் குனிந்தார். பள்ளம் கிணறாயிற்று.

கடைசியாக, லேசரின் அதிர்வெண்ணை வேண்டுமென்றே லேசாக ஆட்டி அளக்கும் முறைக்கு மாற்றினாள். அதில் ஊசிமுனை மாற்றம்கூடத் தப்பாது. சார் குனிந்தார். கோடு திரையை விட்டே இறங்கிப் போய்விட்டது.

"நான் போனா நிக்குது, வந்தா விழுது. உன்னை மாதிரியே அதுக்கும் என்னைக் கண்டா நடுக்கமா?"

"இருக்கலாம் சார். மறுபடி பாத்துடறேனே."

"பாத்தது போதும். நாளைக்கு நீ கிடங்குக்கே போயிடு."

தொலைபேசி அலறியது. கை நிறைய கம்பிகள். முழங்கையால் ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கினாள்.

"நான் சார் வீட்டுக்காரி பேசறேம்மா. நாளைக்கு வர்றவங்க முன்னாடி இளமையாத் தெரியணும்னு தலைக்குச் சாயம் பூசிக்கிட்டு, அலசாமயே குல்லாவ மாட்டிட்டு ஓடிட்டாரு. அந்த அம்மோனியா நெடி இன்னும் வீட்டை விட்டுப் போகல. சீக்கிரம் வந்து தலைய அலசச் சொல்லும்மா!"

பேராசிரியரின் கை மெதுவாகக் குல்லாவுக்குப் போனது.

"நாளைக்கு நீயே ஓட்டும்மா" என்றார்.

அவள் பேனாவைத் திறந்தாள்.

"நாளைய வேலை: லேசரைத் தொடக் கூடாது. சாரைக் கதவோரமாக நிற்க வைக்க வேண்டும்."