பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர்

எழுதியவருக்கே கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்பது, மதிப்பீடு திரும்பி வந்த பிறகுதான் சிவபாண்டிக்கு உறைத்தது.

வைகைக்கரை மானுடப்புல ஆய்வுக் கழகத்துக்கு அவன்தான் செயலாளர். ஆனையூரில் உரக்கடை மாடியில் அலுவலகம். கழகத்தின் ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை வந்தால், எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். கருத்துச் சொன்னவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியவே கூடாது. வேளாண்மை என்றால் கழகத் தலைவர் பேராசிரியர் வீரணன்தான். அந்தப் பழக்கத்தில் வீரணனின் மெயிலுக்கே தட்டிவிட்டான். கட்டுரையை எழுதியதும் வீரணன்.

மதிப்பீடு இப்படி இருந்தது: 'முன்னுரை முடிவதற்குள் பாதிக் கட்டுரை முடிந்துவிடுகிறது. நாற்று நடும் பெண்கள் முன்னோக்கி நகர்வதாக எழுதியிருக்கிறார். முன்னோக்கிப் போனால் நட்டதை மிதிக்க வேண்டியதுதான். இவர் வயலைப் பேருந்து ஜன்னல் வழியே பார்த்தவர். நிராகரிக்கலாம்.'

எழுதியதைத் திரும்பப் படிக்கும் பழக்கம் வீரணனுக்குக் கிடையாது. அதற்காக இப்படியா?

உண்மையைச் சொன்னால் மானம் போச்சென்று குதிப்பார். கழகம் வெளியிடவிருந்த சிவபாண்டியின் முதல் புத்தகம் அவர் சம்மதத்துக்குத்தான் காத்துக் கிடந்தது. சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் அவன் அம்மா சோலையம்மாள், "எம் மகன் பேரு அட்டையில வருது" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பொழுதுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பசுமலையில் வீரணன் வீட்டுக்கே போய் மதிப்பீட்டின் அச்சுப்படியை நீட்டினான்.

"சின்னத் திருத்தம் சொல்லியிருக்காக ஐயா."

படிக்கப் படிக்க வீரணனுக்கு மூக்கு விடைத்தது. "எவன்யா இவன்?"

"பேரைச் சொல்லக்கூடாதுங்கய்யா. நீங்க போட்ட விதிதேன்."

"அப்பப் பதில் எழுதித் தாரேன். அவனுக்கு அனுப்பு!"

'நான் பார்த்த வயலில் முன்னோக்கித்தான் நகர்ந்தார்கள்' என்று எழுதித் தந்தார். வேறு வழியில்லாமல் சிவபாண்டி அதையும் அவர் மெயிலுக்கே அனுப்பினான். இப்போதாவது சுதாரித்துக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை.

மறுநாளே பதில் வந்தது: 'அது நடவாக இராது. ஊர்வலமாக இருக்கும்.'

அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் வீரணன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"எம்புட்டுக் கொழுப்பு! செயற்குழுவைக் கூட்டுப்பா. இவனைக் கழகத்தை விட்டே தூக்குறேன்."

"வேணாங்கய்யா, வயசான ஆளு."

"என்னைய விடவா?"

"உங்க வயசுதேன்."

"இந்த வயசுல இம்புட்டு வாயா? எந்த ஊர்க்காரன்?"

"பசுமலைங்க..." வாய் தவறிவிட்டது.

"நம்ம ஏரியாவுலயே இருந்துக்கிட்டா! அப்ப எனக்குத் தெரிஞ்ச பயதேன்."

"நல்லாத் தெரியுங்கய்யா."

"என்னைய மதிக்கிறவனா, மதிக்காதவனா?"

"அவர் அளவுக்கு உங்கள யாரும் மதிக்க மாட்டாக."

வீரணன் அவனை முறைத்தார். "வெளையாடுறியா? பேரைச் சொல்லு. இல்லாட்டி உம் புத்தகம் அச்சுக்குப் போகாது."

கொடிக்காலில் அம்மா என்ன சொல்லிச் சமாளிப்பாள் என்று சிவபாண்டி நினைத்துப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"நீங்கதேங்கய்யா. ரெண்டு தடவையும் உங்க மெயில்லருந்துதேன் வந்துச்சு."

கண்ணைத் திறந்து பார்த்தான். வீரணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"எனக்கு மெயிலைத் தொறக்கவே தெரியாதேப்பா!"

அவர் மனைவி கனகலட்சுமி காபியோடு வந்து, முதல் டம்ளரைச் சிவபாண்டி கையில் கொடுத்தாள்.

"முப்பது வருசமா நேர்ல சொல்லிப் பாத்தேன், காதுல ஏறல தம்பி. கழகத்து வழியாச் சொன்னாத்தேன் மனுசன் உக்காந்து பதில் எழுதுறாரு."