தலையணை உறைக்குள் விழுந்த பந்து

இந்த வருஷம் எங்கள் கோல்ஃப் கிளப்பின் இலையுதிர்காலக் கோப்பை எனக்குத்தான் என்று சங்கற்பம் செய்துகொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து போட்டி நடக்கிற சனிக்கிழமை பார்த்து என் மனைவி எஃபிக்கு ஏதாவது வேலை முளைத்துவிடும். எப்படியோ நழுவிப் போய் ஆடினாலும் கடைசிக் குழியில் கோட்டை விட்டுவிடுவேன். இந்த முறை அவள் தங்கை நெட்டா வீட்டுக் கூடத்துக்கு வால்பேப்பர் ஒட்டுகிற வேலை.

வெள்ளிக்கிழமையே எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. முனகினேன். நன்றாகவே முனகினேன் என்று நினைக்கிறேன். எஃபி வெந்நீர்ப் பை வைத்தாள், சூப் கொடுத்தாள். காலையில், ஒட்டுகிற வேலை கிடக்கட்டும், மெதுவாகக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள், முதுகுக்கு நல்லது என்றாள். தனக்கு விரிப்புகள் துவைக்கிற வேலை இருக்கிறதாம். இவ்வளவு அப்பாவியைக் கட்டிக்கொண்டோமே என்று எனக்கே பாவமாக இருந்தது.

மட்டைகளை முன்கூட்டியே பக்கத்து வீட்டு டூகலின் கொட்டகையில் ஒளித்திருந்தேன். கோப்பைக்கு எனக்குப் போட்டியும் அவன்தான். கடலோர மைதானத்தில் வடகடல் காற்று ஆளையே தள்ளியது. ஆனாலும் அன்று பந்து நான் சொன்னபடி கேட்டது. வீட்டில் யாரும் கேட்காததற்கெல்லாம் சேர்த்துக் கேட்டது. கடைசிக் குழிக்கு வந்தபோது டூகலைவிட எனக்கு இரண்டே அடி குறைவு. அடி குறைந்தவனுக்குத்தான் கோப்பை.

அங்கேதான் வினை. கடைசிக் குழிக்கு வலப்பக்கச் சரிவில் துணி உலர்த்துவது எங்கள் ஊர்ப் பெண்களின் உரிமை. கோல்ஃப் வருவதற்கு முந்தைய உரிமை. கிளப் தலைவரே வாய் திறக்க முடியாது. பந்து துணியில் விழுந்தால் துணிக்காரி சம்மதித்தால்தான் எடுக்கலாம். இல்லையென்றால் திரும்பிப் போய், அபராத அடியோடு மறுபடி அடிக்க வேண்டும். எனக்கு அந்த இரண்டு அடியும் அதிலேயே போய்விடும்.

அடித்தேன். பந்து நேராகக் கிளம்பி, காற்றைப் பார்த்ததும் மனம் மாறி வலப்பக்கம் வளைந்தது. கொடியில் வாய் பிளந்து தொங்கிய ஒரு தலையணை உறைக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. நீலப் பூப்போட்ட உறை. தினமும் நான் தலை வைக்கிற உறை.

விரிப்புக்குப் பின்னாலிருந்து எஃபி வந்தாள்.

“முதுகு எப்படிங்க இருக்கு?”

“கொஞ்சம் பரவாயில்ல.”

“தெரியுது. இடுப்பு நல்லாத் திரும்புது.”

“எஃபி, பந்த எடுத்துக்கறேன்.”

“எடுத்துக்கலாம். நெட்டா வீட்டுக்கு எப்பப் போறீங்க?”

டூகல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

“திங்கக்கிழமை.”

“கூடம் மட்டுமா?”

“அதுதானே பேச்சு?”

அவள் உறையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “பேச்சுன்னா முதுகுவலியும் ஒரு பேச்சுதான்.”

“சரி, மாடிப்படியும்.”

“மாடி அறை?”

“எஃபி, பின்னால ஆளுங்க காத்திருக்காங்க.”

“நானும் ரொம்ப வருஷமாக் காத்திருக்கேங்க.”

மாடி அறையும் ஒப்புக்கொண்டேன். பந்து கைக்கு வந்தது. ஓரடி வித்தியாசத்தில் கோப்பையும் வந்தது. கைதட்டினார்கள். எஃபிதான் எல்லோரையும்விட பலமாகத் தட்டினாள்.

கோப்பையை அவள் வாங்கிக்கொண்டாள். துணிக்கூடை என் தோளுக்கு வந்தது. பாதி வழியில்தான் உறைத்தது, கூடை கனக்கவே இல்லை. விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன். மொடமொடவென்று இருந்தது, இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

“எஃபி, இத நீ துவைக்கவே இல்லியே?”

“எதுக்குத் துவைக்கணும்?” என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். “வருஷா வருஷம் உங்க பந்து அங்கதானே விழுது. விரிச்சு வச்சாப் போதாதா?”