செவ்வாய்ப் படை

மனிதன் குகையை விட்டு வெளியே வந்த நாள்முதல் அவனைத் தூங்கவிடாமல் அடித்த கேள்விகள் மூன்று. ஆன்மா எங்கே இருக்கிறது? மற்ற கோள்களில் யாராவது இருக்கிறார்களா? உயிர் என்றால் என்ன? இந்த மூன்றுக்கும் ஒரே மாடியில், ஒரே கழிப்பறையைப் பகிர்ந்துகொண்டு விடை கண்ட நிறுவனம் உலகிலேயே எங்களுடையது ஒன்றுதான். அதன் உறுப்பினர்-செயலர் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி எதிர்காலத் தலைமுறைக்குச் சொல்லிவைப்பது என் கடமை.

சமயத் தத்துவத்தையும் கோள் ஆய்வையும் உயிரியலையும் ஒன்றாக இணைத்தது எந்த மேதையின் யோசனை என்று வெளியிலிருந்து வருகிற பேராசிரியர்கள் வியப்பார்கள். உண்மையில் அது மழையின் யோசனை. தத்துவத் துறையின் கூரை ஒழுகியது. கோள் ஆய்வுத் துறையின் தரை உள்வாங்கியது. இரண்டும் மூட்டை முடிச்சோடு உயிரியல் துறையின் மாடியில் வந்து ஏறிக்கொண்டன. நாற்காலிகளுக்காக மாதக்கணக்கில் சண்டை நடந்தது. அந்தச் சண்டைக்குத் 'துறைகளுக்கிடையிலான உரையாடல்' என்று பெயர் சூட்டிப் பலகை எழுதி மாட்டியவர் எங்கள் இயக்குநர். பலகையைப் பார்த்ததும் எல்லோரும் நின்றபடியே உரையாடப் பழகிக்கொண்டோம்.

துறைத் தலைவர்கள் மூவரையும் அறிமுகம் செய்துவிடுகிறேன். தத்துவப் பேராசிரியர் எதைச் சொன்னாலும் "ஒருவகையில பார்த்தா" என்றுதான் தொடங்குவார். ஆகவே அவர் பெயர் 'ஒருவகை'. இன்னொரு வகையை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. கோள் ஆய்வுப் பேராசிரியர் கோபம் வந்தால் நாற்காலியிலிருந்து நேராக மேலே எழும்புவார். அவர் 'ராக்கெட்'. உயிரியல் பேராசிரியை எந்நேரமும் 'செல், செல்' என்றே பேசுவார். அவரைச் 'செல்லம்மா' என்று மாணவர்கள் அழைத்தார்கள். பாசத்தால் அழைக்கிறார்கள் என்று அவர் நம்பினார்.

இயக்குநருக்குப் பட்டப்பெயர் வைக்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. அவர் பெரிய சிந்தனையாளர். சிந்திக்கும்போது இடுப்பைச் சொறிவார். ஆழ்ந்து சிந்திக்கும்போது இரண்டு கையாலும் சொறிவார். அதனால் அவர் எப்போது சிந்திக்கிறார், எப்போது சும்மா இருக்கிறார் என்பதில் எங்களுக்குக் குழப்பமே வந்ததில்லை.

இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு, செவ்வாய்க் கோளிலிருந்து தெறித்து விழுந்த விண்கல் ஒன்றின் துண்டை, விண்வெளி ஆய்வு மையம் ஒன்று இரவலாக அனுப்பிவைத்தது. கல்லை வரவேற்க விழா எடுத்தோம். கல்லைத் தொடுகிறவர்களுக்கென்று கையுறையும் முகக்கவசமும் வந்திருந்தன. இயக்குநர் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா இது, போட்டோல பார்த்தா ஆபரேஷன் பண்ண வந்தவன் மாதிரி இருக்கும்" என்று இரண்டையும் கழற்றி எறிந்தார். கழற்றியவர் ஒரு கணம் ஆழ்ந்து சிந்தித்தார், இரண்டு கையாலும். பிறகு அதே கைகளால் கல்லை எடுத்து, கன்னத்தோடு சேர்த்துவைத்துக்கொண்டு புகைப்படத்துக்குச் சிரித்தார்.

சில வாரங்களில் அந்தக் கல்லிலிருந்து எடுத்த துகளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ நூல் விட்டு வளர்ந்தது. செல்லம்மா நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "உயிர்!" என்று அலறினார். ராக்கெட் மேலே எழும்பினார். ஒருவகை கண்ணை மூடிக்கொண்டு, "ஒருவகையில பார்த்தா, அது நம்மளத்தான் பார்த்துக்கிட்டிருக்கு" என்றார். மறுநாள் பத்திரிகைகளில் இயக்குநரின் கன்னமும் கல்லும் வெளிவந்தன.

இந்த மகிழ்ச்சியில் மண்ணள்ளிப் போட ஒரு ஆள் இருந்தாள். செல்லம்மாவிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி. ஆய்வேட்டை எப்போதோ எழுதி முடித்துவிட்டாள். இயக்குநரின் கையெழுத்துக்காக அது அவர் மேசையில் காத்திருந்தது. தொலைவில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை காத்திருந்தது. வேலைக்குப் பட்டம் வேண்டும், பட்டத்துக்குக் கையெழுத்து வேண்டும். "இன்னுமா முடியல?" என்று தினமும் தொலைபேசியில் கேட்கும் கணவருக்கு, "சார் சிந்திச்சிக்கிட்டிருக்கார்" என்று பதில் சொல்வாள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதையும் சரிபார்ப்பாள். கல்லைத் தொட்டவர்களின் கைபட்ட இடங்களையெல்லாம் பஞ்சால் துடைத்து, அதையும் தனித்தனியாக வளர்த்துப் பார்த்தாள். ஒரே ஒரு இடத்தில் அதே வெள்ளை நூல் வந்தது. மரபணு வரிசையும் அச்சாக ஒத்துப்போனது. அந்த இடம் இயக்குநரின் நாற்காலிக் கை.

நேராக அவரிடமே போய்ச் சொன்னாள். நானும் அறையில் இருந்தேன்.

"சார், அது செவ்வாய்ல இருந்து வரல. உங்ககிட்ட இருந்து வந்திருக்கு. சாதாரணத் தோல் பூஞ்சை."

"யாரைப் பார்த்தும்மா பூஞ்சைங்கிற?"

"உங்களைச் சொல்லல சார். உங்க தோல்ல இருக்கிறதைச் சொல்றேன்."

"உன் ஆய்வேடு எங்க இருக்கு தெரியுமா?"

"உங்க மேசைல சார்."

"அது அங்கயே இருக்கட்டும்."

அவள் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில், எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து எழுந்து நின்று முடிவுகளைத் திரையில் போட்டுக் காட்டிவிட்டாள். இரண்டு வரிசைகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒரு நிறுவனத்தின் மேன்மை இப்படிப்பட்ட நெருக்கடியில்தான் வெளிப்படும்.

"ஒருவகையில பார்த்தா, இதுக்கு ரெண்டே விளக்கம்தான்" என்று ஆரம்பித்தார் ஒருவகை. "இயக்குநர்கிட்ட இருந்தது கல்லுக்குப் போயிருக்கணும். இல்லன்னா, செவ்வாய்ல இருக்கிறது இயக்குநர்கிட்டயும் ஆதியிலயே இருந்திருக்கணும்."

"முதல் விளக்கத்தை எடுத்துக்கிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார் ராக்கெட்.

"கல்லைத் திருப்பிக் கேப்பாங்க" என்றார் செல்லம்மா.

"ரெண்டாவதை எடுத்துக்கிட்டா?"

"இன்னொரு கல்லும் தருவாங்க."

அறிவியல் தெளிவாக இருந்தது. இயக்குநர் மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ நெகிழ்ந்துபோயிருந்தார்.

"எனக்குச் சின்ன வயசுல இருந்தே ஒரு சந்தேகம்" என்றார். "எங்க வீட்டுல அண்ணன் தம்பி எல்லாரும் ஒரு மாதிரி, நான் மட்டும் வேற மாதிரி. இப்பத்தான் புரியுது."

இயக்குநர் செவ்வாய்க் கோளைச் சேர்ந்தவர் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முதலில் கைதூக்கியவர் இயக்குநர். மாணவி ஆட்சேபித்தாள். மாணவிகளுக்கு வாக்குரிமை இல்லை என்பதை அவளுக்கு நினைவூட்டினேன்.

கைதட்டல் அடங்கியபிறகுதான் ராக்கெட்டுக்கு விதி நினைவுக்கு வந்தது. வேற்றுக்கோளிலிருந்து வந்த எதையும் கண்ணாடி அறையில் பூட்டிவைக்க வேண்டும்; மூன்று துறைத் தலைவர்களும் ஒருசேர ஒப்புக்கொண்டால் ஒழிய வெளியே விடக்கூடாது. கல் வருவதற்கு முன்பு இயக்குநரே இயற்றிய விதி. மூன்று துறைத் தலைவர்களும் எதையாவது ஒருசேர ஒப்புக்கொண்டது, சற்றுமுன் நிறைவேறிய தீர்மானம் ஒன்றைத்தான்.

கண்ணாடி அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தோம். பக்கத்து மேசையில் கல்.

"கதவைத் திறங்கய்யா! நான் இயக்குநர்!" என்று கண்ணாடியைத் தட்டினார்.

நான் ஒலிபெருக்கியில் பணிவாக விளக்கினேன். "சார், கோப்புப்படி நீங்க இப்ப ஆய்வு மாதிரி எண் இரண்டு."

"அப்ப இந்தக் கல்லு?"

"மாதிரி எண் ஒன்று. அவர் உங்களுக்கு சீனியர் சார்."

அதன்பிறகு எங்கள் நிறுவனத்தில் ஆய்வு சூடுபிடித்தது. செல்லம்மா தினமும் காலையில் சுவரிலிருந்த கையுறைத் துவாரங்கள் வழியாகக் கையை விட்டு இயக்குநரின் இடுப்பைச் சுரண்டினார். அவரை மறுபடி செவ்வாய்க்கு அனுப்பும் திட்டத்தை ராக்கெட் வரைந்தார். எடை கூடுதலாக இருந்ததால் அவருடைய காலை உணவை நிறுத்தினார். ஒருவகை கண்ணாடிக்கு முன்னால் சம்மணமிட்டு அமர்ந்து, "உங்களுக்கு ஆன்மா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குய்யா! சத்தியமா இருக்கு!"

"ஒருவகையில பார்த்தா, இல்லாதவங்களும் இதையேதான் சொல்வாங்க" என்று ஒருவகை குறித்துக்கொண்டார்.

தான் ஒரு சாதாரண மனிதன்தான், கல்லில் கைவைத்தது தன் தவறுதான் என்று இயக்குநர் கதறினார். ஆய்வுப் பொருள் தன்னைப் பற்றிச் சொல்லும் கருத்து ஆய்வைப் பாதிக்கும் என்பதால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அவருடைய மனைவி வந்தார். வங்கியில் மேலாளர். மதிய இடைவேளையில் வந்ததால் அவசரத்தில் இருந்தார். கையில் ஒரு களிம்புக் குழாய்.

"மேடம், நீங்க பார்க்கிறது படைப்பின் ரகசியம்" என்றார் ஒருவகை.

"படைப்பும் இல்ல, ரகசியமும் இல்ல. படை!" என்றார் அந்த அம்மாள். "குளிச்சிட்டு நல்லாத் துடைங்க, நல்லாத் துடைங்கன்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து கத்துறேன். ராத்திரி ஒரு வேளை, காலைல ஒரு வேளை இதைத் தடவச் சொல்லுங்க. போயிடும்."

செல்லம்மா குறுக்கே பாய்ந்து களிம்பைத் தடுத்தார். "இதைத் தடவினா ஒரு கோளோட மொத்த உயிரும் அழிஞ்சிடும் மேடம்!"

"இனப்படுகொலை!" என்று ராக்கெட் எழும்பினார்.

அந்த அம்மாள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி, "என்னங்க, இவங்கள எல்லாம் நீங்கதான் வேலைக்கு எடுத்தீங்களா?" என்று கேட்டார். இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப அனுபவிங்க. கொஞ்சம் காத்தாட உக்காருங்க. சாயங்காலம் மாத்துத் துணி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இயக்குநர் மிகவும் இளைத்துப்போனார். சுரண்டியதில் இடுப்பு புண்ணாகி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கண்ணாடியில் சாய்ந்தே நாளைக் கழித்தார். கடைசியில் அந்த மாணவியைப் பார்க்க வேண்டும் என்றார். விதிப்படி நான் கூட இருந்தேன்.

"நீ அன்னிக்கே சொன்னம்மா" என்றார்.

"சொன்னேன் சார்."

"இப்ப இன்னொரு தடவ சொன்னா கேப்பாங்களா?"

"நீங்களே கேக்கலையே சார்."

அவர் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அழ ஆரம்பித்துவிட்டார். இயக்குநர் பதவியில் இருப்பவர் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. "என்னை மனுஷன்னு நிரூபிச்சிடும்மா. வெளிய வந்ததும் என் முதல் கையெழுத்து உன் பேர்லதான்."

அவள் பஞ்சை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நீச்சல்குளம், உடற்பயிற்சிக் கூடம், விடுதி, பேருந்து என்று அலைந்து, சம்மதித்தவர்களிடமெல்லாம் தோல் மாதிரி வாங்கினாள். நடத்துநர்கள், காவலர்கள், விற்பனைப் பிரதிநிதிகள். பலர் "நல்லா ஒரு தடவ சொறிஞ்சு விட்டுட்டே எடுங்கம்மா" என்றார்களாம். மூன்று துறைத் தலைவர்களும் தங்கள் பெருமையை நிலைநாட்ட மாதிரி கொடுத்தார்கள். எல்லாவற்றையும் வளர்த்து, வரிசைப்படுத்தி, கல்லை அனுப்பிய மையத்துக்கே அனுப்பிவைத்தாள். அவர்களும் சோதித்துவிட்டுப் பதில் எழுதினார்கள்: இது பூமியெங்கும் உள்ள பூஞ்சை, கல்லின்மேல் தவறில்லை, கல்லை உடனே திருப்பி அனுப்பவும்.

ஆட்சிக்குழு அவசரமாகக் கூடியது. அவள் கணக்குப்படி ஊரில் பாதிப் பேரிடம் அந்தப் படை இருந்தது. செல்லம்மாவின் முழங்கையிலும் ராக்கெட்டின் கழுத்திலும் இருந்தது. ஒருவகைக்கு இரண்டு வகை இருந்தது. தீர்மானத்தில் உறுதியாக நின்றால் ஊரில் பாதியைக் கண்ணாடி அறையில் பூட்ட வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே அறை. ஆகவே, இட நெருக்கடி காரணமாக, இயக்குநர் மனிதர்தான் என்று ஏற்றுக்கொண்டோம்.

இயக்குநர் வெளியே வந்தார். களிம்பு தடவினார். குணமானார். தன் உடம்பையே ஆய்வுக்களமாக்கித் தோல் பூஞ்சையின் உண்மையைக் கண்டறிந்த தியாகத்தைப் பற்றி அவரே எழுதிய கட்டுரை பெரிய இதழில் வந்தது. அந்த மாணவியின் அட்டவணைகளும் படங்களும் அதில் மிக அழகாக அச்சாகியிருந்தன. அவள் பெயருக்கு மட்டும் இடம் போதவில்லை.

ஆனால் சொன்ன வாக்கை அவர் மீறவில்லை. வெளியே வந்ததும் முதல் கையெழுத்தை அவள் பேரில்தான் போட்டார். இயக்குநரின் நாற்காலியிலிருந்து முன் அனுமதியின்றி மாதிரி எடுத்ததற்காக அவளை நிறுவனத்திலிருந்து நீக்கும் ஆணை அது. வாசகம் என்னுடையது. நல்ல வாசகம் என்று மூன்று துறைத் தலைவர்களும் ஒருசேர ஒப்புக்கொண்டார்கள்.

ஆணையை மாடிப்படியில் வைத்து அவளிடம் கொடுத்தேன். படித்தாள். கீழே ஆட்டோ நின்றது. அவளுடைய பெட்டியும் புத்தகக் கட்டும் ஏற்கனவே அதில் ஏறியிருந்தன.

"உள்ள இருந்தப்ப அவர் நிஜமாவே அழுதார் சார்" என்றாள். "நீங்களும் பார்த்தீங்கல்ல?"

பார்த்தேன் என்று சொல்லவில்லை. செயலர்கள் கருத்துச் சொல்லக் கூடாது.

அவளுடைய ஆய்வில் குறை காண எனக்குத் தகுதி இல்லை. கல் குற்றமற்றது என்றாள், சரி. பூஞ்சை பூமியைச் சேர்ந்தது என்றாள்; அதுவும் சரி. செவ்வாயிலிருந்து யாரும் வரவில்லை என்றாள், மறுக்க முடியாது. கடைசிப் பத்தியில், எங்கள் இயக்குநர் மனிதர் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டதாக எழுதியிருந்தாள். அந்த ஒரு முடிவை மட்டும் மறு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று, உறுப்பினர்-செயலர் என்ற முறையில், பரிந்துரைக்கிறேன்.