அவர் போட்ட கோடு

என் கணவர் நட்சத்திரங்களைப் படம் பிடிப்பதென்று சபதம் எடுத்த அதே வாரம், எங்கள் ஒன்பது மாதச் சுண்டு எழுந்து நிற்பதென்று முடிவெடுத்தாள். இருவரும் பிடித்துக்கொண்டது ஒரே முக்காலியை.

முக்காலி படுக்கையறையில், பால்கனிக் கதவோரம் நின்றது. தொட்டிலிலிருந்து நாலடி. அதன் உச்சியில் ஒரு பக்கம் டெலஸ்கோப். அதற்கு ஈடாக மறுபக்கம் ஒரு கம்பி. கம்பியில் ஐந்து கிலோ இரும்பு வட்டு. முக்காலியைப் பிடித்துக்கொண்டு சுண்டு நின்றால், வட்டு அவள் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே.

மிக்ஸி சத்தத்துக்கே எனக்கு உயிர் போய் வரும் காலம் அது.

"என்னங்க, இது அவ தலையில விழுந்தா?"

"விழாது. பேலன்ஸ் பண்ணியிருக்கேன்." திருகைத் தளர்த்திவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "பாத்தியா? விட்டா விட்ட இடத்துல நிக்குது."

"சுண்டுவும் நேத்து அப்படித்தாங்க நின்னா. மூணு செகண்ட். மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போங்களேன்."

"மூணு மாடி! என் முதுகு என்னத்துக்கு ஆகும்?"

அவர் முதுகுக்கு முன்னால் அவள் தலை எம்மாத்திரம்?

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தன் கண்ணுக்குத் தப்பாது என்பார். அவரே விளக்கினார்:

"வட்டு கொஞ்சம் ஏறி இறங்கினா, நட்சத்திரம் நகர நகர டெலஸ்கோப்பைத் திருப்புற மோட்டார் திணறும். நட்சத்திரம் புள்ளியா விழாது, கோடா இழுத்துடும். அதுக்குத்தான் கம்பியில மார்க்கரால அடையாளம் போட்டிருக்கேன். தினம் சாயங்காலம் அந்தக் கோட்டுல வட்டை மாட்டினா போதும். மறுபடி பாக்கவே வேண்டாம்."

மறுநாள் அவர் கடைக்குப் போனதும், சுண்டுவின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுக் கோட்டைத் துடைத்தேன். இடத்தை ஸ்கேலால் அளந்துகொண்டு, அவர் மார்க்கராலேயே ஒரு அங்குலம் தள்ளிப் புதுக்கோடு போட்டேன். பொய் சொல்லக் கூடாதென்று கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பத்து வருஷம் சொல்லித் தந்தார்கள். கோட்டைப் பற்றி அவர்கள் சொன்னது, நேராகப் போட வேண்டும் என்பது மட்டும்தான். நேராகவே போட்டேன்.

அன்றைய படத்தில் நட்சத்திரங்கள் வெட்டிப் போட்ட நகம் மாதிரி கிடந்தன.

"நீ நடந்தியா?"

"இல்லீங்க."

"தொட்டிலை ஆட்டினியா?"

"ஆட்டலீங்க. ஒரு தடவை பெருமூச்சு விட்டேன்."

"அதான்! தரை அதிருது!"

இரண்டாம் நாள் நான் நாற்காலியை விட்டு எழக் கூடாதென்று உத்தரவு. மூன்றாம் நாள் ஃபிரிட்ஜை நிறுத்தினார், பால் திரிந்தது. நான்காம் நாள் கீழ்வீட்டுக்காரரிடம் போய், தும்முவதானால் வெளியே போய்த் தும்மச் சொன்னார். ஊரில் எல்லோரையும் சந்தேகித்தார், கோட்டைத் தவிர. அவர் போட்ட கோடாயிற்றே!

ஐந்தாம் நாள் காலையில் ஞானம் பிறந்தது.

"மொட்டை மாடி. கான்கிரீட். அசையவே அசையாது."

"ஐயோ, உங்க முதுகு என்னத்துக்குங்க ஆகும்?"

"என் முதுகைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"அங்க ஒரே தூசிங்க..."

"உனக்கு எதைக் கண்டாலும் பயம்!"

மூன்று மாடியும் அவரே சுமந்தார். நாலு நடை. தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்து அறையில் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். துணி காயப்போடப் போனபோது பழைய இடத்திலேயே கோட்டைத் திரும்பப் போட்டேன்.

படம் அற்புதம். ஊசிமுனைப் புள்ளிகள்.

"மாடிதான் சரின்னு கண்டுபிடிச்சது யாரு?"

"நீங்கதாங்க."

மகிழ்ந்துபோய் அதைப் பெரிதாக்கினார். ஃபிரேம் கடையில் தடிக் கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டம் அடித்துக் கொண்டுவந்தார். தூக்க இரண்டு பேர் வேண்டும்.

"சுண்டு படுத்துக்கிட்டே பாக்கட்டும். தொட்டிலுக்கு நேர் மேல மாட்டப் போறேன்."

"ஒத்தை ஆணியிலயாங்க? விழாதா?"

"விழாது. அளந்து சுவத்துல கோடு போட்டுட்டேன். நாளைக்கு ஆசாரி வந்து அதுல அடிச்சா போதும். மறுபடி பாக்கவே வேண்டாம்."

எட்டிப் பார்த்தேன். பென்சில் கோடு. எண்ணெய்கூடத் தேவையில்லை.