சம்பந்தியம்மா இறங்காத லொறி

புதுச் சாமான் ஒன்று வீட்டுக்கு வந்தால், அதைப் பயன்படுத்துவதைவிடப் பாதுகாப்பதற்கே எங்கள் குடும்பத்தில் அதிக நேரம் போகும். ரேடியோவுக்கு ஒரு துணி உறை இருந்தது. அந்த உறை அழுக்காகிவிடக் கூடாதே என்று அதற்கு மேல் இன்னோர் உறை இருந்தது. ஐயா (எங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆசையாக வாங்கிய குடை ஒருநாளும் மழையில் நனைந்ததில்லை. அவர்தான் நனைந்தார். இந்தக் குடும்ப வியாதி முற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நானே உதாரணம். என் அக்காவின் கலியாணத்தையே நிறுத்தப் பார்த்தவன் நான்.

வெள்ளைக்காரர் சண்டையை முடித்துவிட்டு, ஊருக்குப் போக மனமில்லாமல் இன்னும் கொழும்பில் இருந்த காலம் அது. வெள்ளவத்தையில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை. பட்டாளத்தார் கழித்து ஏலத்தில் விட்ட சின்ன லொறி ஒன்றை ஐயா கடைக்கு வாங்கினார். எஞ்சின் இருமியது, கதவைச் சாத்த முடியாது. அதெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சாமான் ஏற்றும் தட்டுத்தான் உளுத்துப்போயிருந்தது. நல்ல பலாப் பலகை வாங்கி, இழைப்பித்து, மெருகு போட்டுப் புதுத் தட்டு அடிப்பித்தார். கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்.

முதல் ஓட்டத்திலேயே மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஒன்று உருண்டு, பலகையில் கீறல் போட்டுவிட்டது. ஐயா அன்று பகல் சாப்பிடவில்லை. "இன்னொரு கீறல் விழுந்துதெண்டால் லொறியை வித்துப்போட்டுத்தான் மற்ற வேலை" என்றார். சாரதி பியதாச அதன்பிறகு உப்பு மூட்டையைக்கூடத் தூங்குகிற குழந்தையைப் போலத்தான் இறக்கினான்.

நான் அப்போது மெட்ரிக்குலேஷன் எழுதிவிட்டு பரீட்சை முடிவுக்குக் காத்திருந்தேன். அதாவது, வேலை இல்லை, யோசனைகள் நிறைய. தட்டுக்கு ஒரு சட்டை போட்டுவிட்டால் என்ன என்று ஐயாவிடம் கேட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பிறந்த அன்றுகூட ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள்.

தடித்த கித்தான் படங்கு ஒன்றை அளவாக வெட்டி, பலகையின் மேல் விரித்து, ஓரம் முழுக்க ஆணி அடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். படங்கு மழையில் ஊறினால் பலகையும் ஊறுமே என்று கவலை வந்தது. கடலில் மிதக்கிற தோணிக்கே தார்தானே பூசுகிறார்கள்? பூசினேன். ஒரு பூச்சுப் போதும் என்றான் பியதாச. நான் மூன்று பூசினேன். இறுகிய தார் இலகுவாக இழுபட வேண்டும் என்று மண்ணெண்ணெயும் தாராளமாகக் கலந்தேன். (தாரில் மண்ணெண்ணெய் கலந்தால் அது லேசில் காயாது என்று மெட்ரிக்குலேஷனில் சொல்லித் தரவில்லை.)

அந்தக் கிழமை முழுக்க மழையும் குளிருமாக இருந்தது. கிழமைக் கடைசியில் அக்காவின் கலியாணம். அன்று விடியத் தொட்டுப் பார்த்தேன். கல் போல இருந்தது. கறுப்புக் கண்ணாடி போல மின்னியது.

பெற்றோல் கூப்பனுக்குத் தட்டுப்பாடு. இரவல் கார் ஒன்றுதான் கிடைத்தது. அதில் மாப்பிள்ளையும் தோழனும் தகப்பனும் வருவது, பெண்களைக் கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் லொறியில் கூட்டி வருவது என்று ஏற்பாடு. புறப்படும்போது அம்மா இரண்டு புதுப் பாய்களோடு வந்தார்.

"இதை விரிச்சுக்கொண்டு போ. பட்டுச்சீலையோட இருக்கப்போறவை."

"பாய் விரிச்சால் தட்டுத் தெரியாதம்மா" என்றேன்.

அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளையின் தாயைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மாமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணீரில் சீனி குறைவென்று மூன்று மாதம் எங்களோடு கதைக்கவில்லை. கலியாணத்தன்று அந்த மாமியின் கையில்தான் தாலியும் கூறைச்சேலையும் வைத்த தட்டம் இருந்தது. மாப்பிள்ளையின் தாயே அதைக் கொண்டுவந்து மணவறையில் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கொட்டாஞ்சேனையில் லொறியில் ஏறும்போது மாமி கேட்டார்:

"இதென்ன தம்பி, கறுப்பாய் மினுங்குது?"

"பலகை பழுதாகாமல் போட்டது மாமி. நானே செய்தனான்."

"கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு, தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமி உட்கார்ந்தார். மற்றப் பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்தக் கெட்டிக்காரப் பட்டம் வெள்ளவத்தை வந்து சேரும்வரை என்னிடம் இருந்தது.

ஒரு கிழமையாகக் காணாத சூரியன் காலி ஊருக்குப் போகிற காலி வீதியில் வைத்து வெளியே வந்தது. நல்ல சகுனம் என்று நான் பியதாசவுக்குச் சொன்னேன்.

பந்தல் வாசலில் நாதஸ்வரம், தவில், ஆலாத்தித் தட்டு, பன்னீர்ச் செம்பு எல்லாம் தயார். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி உள்ளே போனார். பியதாச லொறியின் பின்கதவைத் திறந்து, ஏறி இறங்க ஒரு முக்காலியையும் வைத்தான். ஒருவரும் இறங்கவில்லை. மாமி கொஞ்சம் எழும்பினார். பிறகு, நிதானமாக, திரும்ப உட்கார்ந்தார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

ஐயா லொறியடிக்கு ஓடிவந்தார். சம்பந்தி வீட்டார் வாகனத்தை விட்டு இறங்க மறுத்தால் எங்கள் ஆட்களிடையே அதற்கு ஒரே அர்த்தம்தான், கோபம். "என்ன குறை கண்டீங்கள், சொல்லுங்கோ" என்றார்.

மாமி மடியிலிருந்த தட்டத்தைச் சரிசெய்துகொண்டார். இத்தனை ஆண்களுக்கு முன்னால் வெயிலில் இளகிய தாரில் சீலை ஒட்டிக்கொண்டது என்று எந்தச் சம்பந்தியம்மா சொல்வார்?

மேளம் காருக்கு முன்னால் மட்டும் வாசித்ததுதான் குறை என்று யாரோ சொன்னார்கள். மேளகாரரை லொறியடிக்குக் கொண்டுவந்து வாசிப்பித்தார்கள். இறங்கவில்லை. இரண்டாம் தரம் ஆலாத்தி எடுத்தார்கள். பன்னீர் தெளித்தார்கள். இறங்கவில்லை. தேத்தண்ணீர் வந்தது, இந்த முறை கோப்பையில் பாதி சீனிதான். பெண்கள் மரியாதையாக வாங்கிக் குடித்துவிட்டு அப்படியே இருந்தார்கள். ஐயா மாப்பிள்ளையின் தகப்பனிடம் ஓடினார். "என்னட்டைக் கேக்காதேங்கோ" என்று அவர் பந்தலுக்குள் போய்விட்டார். கெஞ்சக் கெஞ்ச வெயில் ஏறியது. முகூர்த்தம் முடியப்போகிறதென்று ஐயர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். மணவறையில் அக்கா அழத் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. கடைசியில், யாருக்கும் தலை வணங்காத ஐயா நடுத்தெருவில் கை கூப்பிக் கும்பிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஏறிப் போய் மாமியின் காலில் விழுந்துவிடலாம் என்று தட்டில் கையை ஊன்றினேன். கை திரும்பி வரவில்லை.

மாமி குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கெட்டிக்காரன், இப்ப என்ன செய்யப்போறாய்?" என்றார்.

உள்ளங்கைத் தோலில் கொஞ்சத்தைத் தட்டுக்குக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் ஓடினேன். கையைக் காட்டினேன். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "உன்னைப் பிறகு பாக்கிறன்" என்று கத்தரிக்கோலையும் நாலு படுக்கை விரிப்பையும் எடுத்துக்கொண்டு நடந்தார். பெண்கள் விரிப்புகளை மறைப்பாகப் பிடித்தார்கள். மேளகாரருக்குப் பலமாக வாசிக்க உத்தரவு. அந்த முழக்கத்துக்குள் என்னுடைய படங்கு, ஒவ்வொருவரைச் சுற்றியும் சதுரம் சதுரமாக வெட்டப்பட்டது.

மாமி தட்டத்தோடு கம்பீரமாக இறங்கினார். பின்னால் ஒரு கறுப்புச் சதுரமும் கூடவே இறங்கியது. போகிற போக்கில் அம்மாவின் காதில் சொன்னார்:

"தாரெண்டு ஒருத்தருக்கும் மூச்சுவிடக் கூடாது. கோவிச்சுக்கொண்டு இருந்தனாங்கள் எண்டே இருக்கட்டும்."

தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது. அம்மா அந்த இரண்டு பாய்களையும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு விரித்தார். சாப்பாட்டுக்கு அவர்கள் எழும்பியபோது பாயும் எழும்பியது. எல்லாரும் போன பிறகு ஐயா மிச்சப் படங்கைக் கிளப்பிப் பார்த்தார். பலகையில் புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் என்னை வீட்டில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

சொன்ன சொல்லை நாங்கள் காப்பாற்றினோம். பெண் வீட்டாரை நடுத்தெருவில் கும்பிட வைத்த சம்பந்தியம்மா என்ற பேர் மாமி சாகும்வரை இருந்தது. அந்தப் பேரில் அவருக்குப் பெருமைதான். ஒரேயொரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தக் கதிரை என்றாலும், சுட்டுவிரலால் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

போன கிழமை அக்காவின் பேத்தி வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாள். மாமியைக் கண்ணால் காணாதவள். என் வீட்டுக் கதிரையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் பிள்ளை அப்படித் தொட்டுப் பாத்தனி?" என்று கேட்டேன்.

"தெரியாது தாத்தா. எங்கட வீட்டில எல்லாரும் இப்பிடித்தான். ஏதோ மரியாதையாம்" என்றாள்.

ஓம், மரியாதைதான் என்றேன்.